வெளிநாட்டில இருந்து ஒன்லைனில சாமான் எடுத்தா காட்டுற விலையை விட எவ்வளவு கூட வரும்? யாழ்ப்பாணத்துக்கு எடுத்தாக்கள் சொல்லுங்கோ

எனக்கு வந்தது இரட்டிப்பை விடக் கூட. எப்பிடி வந்தது எண்டு சொல்லுறன், உங்கட கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கோ.

வீட்டில அப்பாவிட பழைய மொறிஸ் மைனர் கார் ஒண்டு நிக்குது. முன்கண்ணாடி றபர் வெடிச்சு மழை உள்ளுக்க, பிறேக் சூவும் முடிஞ்சுது. இஞ்ச தேடிக் களைச்சு இங்கிலாந்துக் கடை ஒண்டில ரெண்டும் சேத்து 60 பவுண்ஸுக்கு ஓடர் போட்டன். அந்த 60க்குள்ள அவையின்ர நாட்டு வற் 20 வீதம் இருக்கு, உண்மையான விலை 50தான். வெளிநாட்டுக்கு அனுப்பினா கடைக்காரர் அதைக் கழிக்கலாம், ஆனா எல்லாரும் கழிக்கிறேல்லை, நானும் கேக்கேல்லை. பத்துப் பவுண்ஸ் அதிலயே போச்சு.

அனுப்புற செலவு 38 எண்டு காட்டிச்சு, சரியெண்டு காசு கட்டினன். ரெண்டு நாளால ஈமெயில், பெட்டி பெரிசு இன்னும் 44 கட்டுங்கோ எண்டு. சாமான் மூண்டு கிலோ கூட வராது, ஆனா றபரை மடிச்சா முறிவு விழும் எண்டு 60க்கு 50க்கு 20 சென்ரிமீற்றர் பெட்டியில போட்டிருக்கினம். கூரியர்காரர் நீளம் அகலம் உயரத்தைப் பெருக்கி 5000ஆல பிரிப்பினம், அப்ப இது 12 கிலோ! காத்துக்குக் காசு குடுத்தன் எண்டு வையுங்கோ.

இனித்தான் முக்கியமான இடம், கனபேர் பிழை விடுறதும் இதிலதான். எங்கட கஸ்டம்ஸ் வரி போடுறது சாமான்ர விலைக்கு மட்டும் இல்லை, அனுப்புற செலவு இன்சூரன்ஸ் எல்லாம் சேத்த தொகைக்கு. நான் 60க்கு 18 வீத வற் எண்டு 10.80 கணக்குப் போட்டு வைச்சிருந்தன், ஆனா 60உம் 82உம் சேத்து 142, அதுக்கு 18 வீதம் 25.56. அதுவும் தனி வற் கணக்குத்தான், அதுக்கு முதல் சாமான்ர வகையைப் பொறுத்து சுங்கத் தீர்வை, துறைமுக விமான நிலைய வரி அது இது எண்டு ஏறி, அந்த ஏறின தொகைக்கு மேலதான் வற் விழும், வரிக்கு மேல வரி. பேந்து கூரியர்காரர் உங்களுக்காக நாங்கள் கட்டினம் எண்டு தங்கட சார்ஜையும் போடுவினம்.

பாங்க் காட்டால காசு கட்டேக்க ரூபாயில கட்டுறீங்களோ எண்டு கேட்டா ஓம் எண்டு சொல்லாதேங்கோ, அவை போடுற றேற் பெரும்பாலும் நட்டம், பவுண்ஸிலயே கட்டுங்கோ. அப்பவும் பாங்க் தன்ர பங்கை எடுக்கும்தான்.

லண்டன் மாமா வரேக்க கொண்டு வரச் சொல்லலாமே எண்டு கேப்பீங்கள். சொல்லலாம். ஆனா மாமாவின்ர சூட்கேசில இடம் வேணுமெண்டா போகேக்க அஞ்சு கிலோ வறுத்த தூளும் ஒடியலும் பனங்கட்டியும் கட்டிக் குடுக்கோணும், இண்டைக்கு மிளகாய் விக்கிற விலையில கூரியரே மலிவு.

ஃபோன் ஓடர் பண்ணுறாக்கள் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின்ர பதிவு விசயத்தை முதலே பாருங்கோ. கனடா அமெரிக்காவில இருந்து கரண்ட் சாமான் எடுத்தா அது கனக்க 120 வோல்ற்றுக்கு மட்டும்தான், எங்கட 230, அப்பிடியானதைக் குத்தினவுடன புகைதான்.

எனக்கு விழுந்த பெரிய அடி வேற. எங்கட கார் 948 சிசி எஞ்சின் மொடல், அதுக்கு முன் பிறேக் 7 இஞ்சி. நான் ஓடர் பண்ணினது 1962இல இருந்து வந்த 1098 சிசி மொடலின்ர 8 இஞ்சி சூ. மெக்கானிக் கையில வாங்கிப் பாத்துச் சிரிச்சார். திருப்பி அனுப்பலாம் எண்டு கடைக்காரர் சொன்னார்தான், அனுப்புற செலவு சூவின்ர விலையைத் தாண்டுது, கட்டின வரியும் அந்தாள் தரப்போறேல்லை. றபர் மட்டும் அளவா இருந்தது, இப்ப மழைக்கு ஒழுக்கு இல்லை.

அந்தச் சூ கராச் தட்டில கிடக்கு. பிந்தின மொடல் மைனர் வைச்சிருக்கிறாக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ, வாங்கின விலைக்கே தாறன், எந்த விலை எண்டு மட்டும் கேக்காதேங்கோ.