“அவ்வளவுதானாம்மா?” என்று கேட்கும் பிள்ளைக்கு

கேள்வி: நாங்கள் சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், கணவர் சி.எஸ்.ஐ. அவருடைய வீடு ஏற்காட்டில். சின்னதாக ஒரு காபித் தோட்டம் உண்டு. போன கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி, கேக், பிரியாணி என்று ஒரு குறையும் வைக்கவில்லை. மறுநாள் காலையில் மகன், “அவ்வளவுதானாம்மா?” என்று கேட்டான். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இந்த வருஷம் ஜூலையில் மாமா, அதாவது கணவரின் அப்பா, தவறிவிட்டார். ஏற்காட்டு வீட்டு வாசலில் இருக்கிற சில்வர் ஓக் மரத்தில் வருஷா வருஷம் ஸ்டார் கட்டுவது அவர்தான். “இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை” என்று அத்தை சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு என்ன செய்வது? எந்தக் கோயிலுக்குப் போவது? கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமா என்று மகன் கேட்டால் என்ன சொல்ல?

பதில்: அன்புச் சகோதரி, 20 வருஷத்துக்கு மேலாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு இருக்கிறேன். உங்கள் மகன் கேட்டதை வேறு வேறு வார்த்தைகளில் பல பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு குறையும் வைக்காத வீட்டுப் பிள்ளைகள்தான் கேட்பார்கள். துணி வந்தது, கேக் வந்தது, சாப்பாடு வந்தது. எல்லாம் அவனிடம் வந்து சேர்ந்தன, அவன் கையால் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அதனால்தான் 25ஆம் தேதி ராத்திரியோடு அவனுக்கு எல்லாம் தீர்ந்துபோனது.

யோசுவாவின் புத்தகத்தில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜனங்கள் யோர்தானைக் கடந்ததும், நதியின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவரச் சொல்கிறார் கடவுள். எதற்கு? பின்னாளில் பிள்ளைகள் “இந்தக் கல் எல்லாம் ஏன் இங்கே இருக்கு?” என்று கேட்பார்களாம், அப்போது நடந்ததைச் சொல்ல வேண்டுமாம். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கிற பஸ்கா பண்டிகைக்கும் இதே ஒழுங்குதான். பிள்ளை முதலில் கேட்கிறது, பெரியவர்கள் அப்புறம் சொல்கிறார்கள். நாமோ பிள்ளை கேட்பதற்கு முன்பே அரைமணி நேரம் பிரசங்கம் வைத்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் ஒரு வழக்கத்தைத் தொடங்குகிறீர்களா, அதைப் பார்த்து உங்கள் மகள் “இது எதுக்கும்மா?” என்று கேட்பாளா என்று யோசித்துக்கொள்ளுங்கள். கேட்பாள் என்றால் அதை வைத்துக்கொள்ளலாம்.

முதலில் அத்தை விஷயம். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை இல்லை, பலகாரச் சட்டி வைப்பதில்லை என்பது நம் ஊர் வழக்கம். கிறிஸ்தவ வீடுகளிலும் நிறையப் பேர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். “வேதத்தில் அப்படி எங்கே இருக்கு?” என்று தயவுசெய்து அவரிடம் வாதாடாதீர்கள். வேதத்தில் இல்லைதான். ஆனால் அவர் அதை ஒரு சட்டமாக நினைத்துச் சொல்லவில்லை. அந்த வாசலில் மாமா இல்லாமல் எப்படி நிற்பது என்று தெரியாமல் சொல்கிறார். போனில் பேசாமல் உங்கள் கணவர் நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும். புதுத்துணி வேண்டாம், பிரியாணி வேண்டாம், பலகாரம் வேண்டாம் என்று அவர் சொன்னால் எல்லாவற்றுக்கும் சரி சொல்லுங்கள். பிள்ளைகளின் சின்னச் சின்ன காரியங்களை மட்டும் சேலம் வீட்டில் செய்துகொள்கிறோம் என்று அனுமதி கேளுங்கள். எனக்குத் தெரிந்து எந்த அப்பாயியும் இதை மறுத்ததில்லை.

ஏன் பிள்ளைகளுக்காக இதைக் கேட்கிறேன் என்றால், துக்கம் நடந்த ஒரு வீட்டுப் பிள்ளை, ஐந்து வயசுதான் இருக்கும், என்னிடம் வந்து “எங்க தாத்தா செத்துட்டதால இந்த வருஷம் இயேசு பிறக்க மாட்டாரா?” என்று கேட்டது. “பண்டிகை இல்லை” என்பது சின்னப் பிள்ளை காதில் அப்படித்தான் விழுகிறது. “இந்த வருஷம் சத்தமில்லாத கிறிஸ்துமஸ், தாத்தாவை நினைச்சுக்கிட்டே கொண்டாடுவோம்” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. பெத்லகேமின் கதைக்குள்ளேயே அழுகை உண்டு. மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் ஏரோது ராஜா பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றதைச் சொல்லும் இடத்தில், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிற வசனம், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகளின் கதையை ஒட்டியே வருகிறது. அந்தக் குழந்தைகளை நினைத்து டிசம்பர் 28ஆம் தேதியைக் கத்தோலிக்கத் திருச்சபை மாசில்லாக் குழந்தைகள் திருநாளாகவே வைத்திருக்கிறது. 24ஆம் தேதி சாயங்காலம் பிள்ளைகளை மாமாவின் கல்லறைக்குக் கூட்டிப்போங்கள். சருகு பொறுக்குவதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவர்கள் வேலை. அங்கே அவர்கள் கேட்பார்கள். அப்போது பேசுங்கள்.

சரி, டிசம்பருக்கு வருவோம். கிறிஸ்துமஸை ஒரு நாளாக வைக்காமல் நான்கு வாரமாக நீட்டுங்கள். உங்கள் பக்கம் திருவருகைக்காலம், உங்கள் கணவர் பக்கம் அட்வென்ட், இரண்டும் ஒன்றுதான். நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வருகிற ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். ஒரு தட்டில் நான்கு மெழுகுவர்த்தி வைத்து வாரம் ஒன்றாக ஏற்றுகிற வழக்கம் எப்படி வந்தது தெரியுமா? 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிச் விக்கெர்ன் என்ற போதகரை, “கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ?” என்று பிள்ளைகள் துளைத்து எடுத்திருக்கிறார்கள். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் நாளுக்கொரு சின்ன மெழுகுவர்த்தியும் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் வைத்து எண்ணக் கற்றுக்கொடுத்தார். ஆக, ஒரு பிள்ளையின் கேள்வியிலிருந்து பிறந்த வழக்கம் இது. உங்களுக்கு நான்கு கொட்டாங்குச்சி போதும். மண் நிரப்பி மெழுகுவர்த்தியை நட்டுவிடலாம். ஊதா மூன்று, மூன்றாவது வாரத்துக்கு ரோஸ் ஒன்று. சுற்றி வைக்க ஏற்காட்டிலிருந்து சில்வர் ஓக் இலை எடுத்து வாருங்கள். ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் லைட்டை அணைத்துவிட்டு மகள் ஏற்றட்டும், மகன் லூக்காவிலிருந்து நாலு வசனம் வாசிக்கட்டும், ஒரு பாட்டு. பத்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. பத்து நிமிஷம் என்றால் அடுத்த வாரம் அவர்களே வந்து உட்காருவார்கள், அரைமணி நேரமானால் இழுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கும்.

இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டுகிற குடிலை மட்டும் கடையில் ரெடிமேடாக வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பொம்மைகளை வாங்குங்கள், தவறில்லை. புல் பிள்ளைகள் வளர்த்ததாக இருக்கட்டும். ராகி நம் பக்கத்துத் தானியம். முழு ராகியாக இரண்டு கைப்பிடி எடுத்து டிசம்பர் 13ஆம் தேதி ராத்திரி ஊறப்போடுங்கள். மறுநாள் ஈரத்துணியில் கட்டி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளையாக முனை விட்டிருக்கும். துணியைப் பிரித்து அந்த முனையை மகளுக்குக் காட்டுங்கள். விரலால் தொட்டுப் பார்க்கட்டும். பழைய தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மண் பரப்பி, விதையை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடுங்கள். தண்ணீரை ஊற்றினால் விதை எல்லாம் ஒரு ஓரத்துக்கு ஓடிவிடும், கையில் எடுத்துத் தெளிக்க வேண்டும். காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அது அவள் பொறுப்பு. 24ஆம் தேதிக்குள் பசேலென்று நிற்கும். ஏற்காட்டில் வளர்ப்பதானால் குளிருக்குத் தாமதமாகும், மூன்று நாள் முன்னாலேயே தொடங்குங்கள். போன வருஷத்து ராகி என்றால் சில நேரம் முளைக்காது, ஒரு ஸ்பூன் எடுத்து முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசியின் பிரான்சிஸ் முதன்முதலில் குடில் அமைத்தபோது அங்கே நிஜ வைக்கோலும் நிஜ மாடும் கழுதையும் இருந்தன. எளிய ஜனங்கள் அந்த ஏழ்மையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தார். தொட்டு, மோந்து, தண்ணீர் தெளித்துத்தான் பிள்ளைகளுக்கும் அது புரியும்.

குடிலில் இன்னும் இரண்டு காரியம். குழந்தை இயேசுவை 24 ராத்திரி வரை வைக்காதீர்கள், தொட்டி காலியாக இருக்கட்டும். ஞானிகளைக் குடிலுக்குள்ளேயே வைத்துவிடாமல் வீட்டின் இன்னொரு மூலையில், டிவி பக்கத்திலோ ஜன்னல் விளிம்பிலோ வையுங்கள். தினமும் ஒரு அடி நகர்த்தி ஜனவரி 6ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளன்று குடிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மகனின் வேலை. அவன் வயசுக்கு ஒரு துப்பறியும் வேலையும் கொடுங்கள்: மத்தேயுவில் ஞானிகள் மூன்று பேர் என்று எங்கே எழுதியிருக்கிறது? காணிக்கைதான் மூன்று, ஆள்கணக்கு இல்லை. அவனே தேடிக் கண்டுபிடிக்கட்டும். 26ஆம் தேதி காலையிலும் அவனுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கும்.

உங்களுக்கு வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்று இருக்கிறது, ஏற்காட்டுப் பாதை. ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர். ஒவ்வொரு வளைவிலும் இந்த வருஷத்தில் கடவுளுக்கு நன்றி சொல்ல ஒரு காரியம் சொல்ல வேண்டும், வண்டியில் இருக்கிற எல்லாரும் முறைவைத்து. ஒரு குடும்பத்தோடு நான் இப்படிப் போயிருக்கிறேன். ஏழாவது வளைவுக்குள் பரீட்சை, வேலை, உடல்நலம் என்று பெரிய நன்றிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அப்புறம்தான் நிஜமான நன்றிகள் வந்தன. அந்த வீட்டுச் சின்னவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “பக்கத்து வீட்டு நாய் இப்பல்லாம் என்னைத் துரத்தல” என்றாள். அவள் அதுவரை பயந்துகொண்டே பள்ளிக்குப் போன விஷயம் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த வருஷம் பத்தாவது வளைவைத் தாத்தாவுக்கு என்று ஒதுக்குங்கள். அவரைப் பற்றி ஆளுக்கு ஒன்று. கிளம்பும்போது பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். நன்றி சொல்ல வாய் திறக்கிற நிலைமை இருக்க வேண்டும்.

டிசம்பர் காபிப் பழம் பறிக்கிற காலம், தோட்டத்தை விட்டு அத்தையால் கீழே வர முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் நீங்கள்தான் ஏற வேண்டும். பிள்ளைகள் அவர்கூடப் பழம் பறிக்கட்டும்.

எந்தக் கோயில் என்று கேட்டீர்கள். 24 நடுராத்திரிப் பூசைக்கு அரிசிபாளையம் பேராலயம், பின்னாலேயே அதிகாலையில் சி.எஸ்.ஐ. ஆராதனை என்று இரண்டுக்கும் ஐந்து வயசுப் பிள்ளையை இழுக்காதீர்கள். ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே. இந்த வருஷம் அத்தையோடு அவர் கோயில் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

கிறிஸ்துமஸ் தாத்தா பற்றி மகன் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். 9 வயசில் கேட்கிறான் என்றால் பாதி அவனுக்கே தெரிந்துவிட்டது. நான்காம் நூற்றாண்டில் மீரா நகரத்து ஆயராக இருந்த நிக்கோலாஸிலிருந்து அந்தத் தாத்தா வந்தார் என்றும், மூன்று ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்காக ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பணத்தைப் போட்டுவிட்டுப் போனார் என்று கதை உண்டென்றும் சொல்லுங்கள். அவர் திருநாள் டிசம்பர் 6. அன்றைக்கு மகனைக் கிறிஸ்துமஸ் தாத்தா ஆக்கிவிடுங்கள்: தெருவில் யாருக்காவது, அவன் பெயர் தெரியாமல், ஒரு பொருள் வைத்துவிட்டு வரட்டும். தங்கச்சியிடம் சொல்லக் கூடாது.

என் வீட்டு அனுபவம் ஒன்று. ஒரு வருஷம் பலகாரம், நாடகம், தேவதை உடுப்பு என்று எல்லாவற்றையும் நானே தலையில் போட்டுக்கொண்டு, 24 சாயங்காலம் கல்கலா மாவை சீப்பில் உருட்டிக்கொண்டிருந்த மகளை, கோணலாக வருகிறது என்று அடுக்களையிலிருந்து விரட்டிவிட்டேன். அவள் போய் ஜன்னலோரம் நின்றது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்த வருஷத்துக் கல்கலா எல்லாம் ஒரே அளவாக இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடுத்த வருஷம் உங்கள் வீட்டில் சட்டி வைக்கும்போது கோணல் கல்கலாக்களை முதலில் பொரியுங்கள்.

மற்ற மாதங்களுக்கு அதிகம் வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை மகள் தனி டப்பாவில் போடட்டும், நாற்பது நாள் கழித்துத் தேவைப்படுகிற ஒரு வீட்டுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். குருத்தோலை ஞாயிறன்று சிலுவை மடிக்க அப்பாயியிடம் கற்றுக்கொள்ளட்டும். வருஷத்துக்கு மூன்று வழக்கம் போதும். வருஷா வருஷம் மாறாமல் வந்தால் போதும்.

கடைசியாக அந்த ஸ்டார். அதைப் புதிதாக வாங்காதீர்கள், மாமா கட்டிய பழையது வீட்டில் எங்கேயாவது இருக்கும். கட்டலாமா வேண்டாமா என்று அத்தையிடம் கேட்காமல், “தாத்தா கயிற்றை எந்தக் கிளையில் போடுவார், என்ன முடிச்சு போடுவார்?” என்று மகன் கேட்கட்டும். அவர் எழுந்து வந்து காட்டினார் என்றால், பல்பு கூடப் போட வேண்டாம், கட்டிவிடுங்கள். வரவில்லை என்றால் ஸ்டாரைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றி, அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த டிசம்பரில் மகனுக்குப் பத்து வயசு, கயிறு போடக் கை எட்டும்.