கிடாரை விற்க வேண்டாம், தம்பி

கேள்வி: வயது 29, பெங்களூரு முருகேஷ்பாளையாவில் மனைவியோடு இருக்கிறேன். போன வருஷம்தான் எனக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் சிதறி அவசரப்பட வைக்கும் மூளை வளர்ச்சி சார்ந்த பிரச்சினை, இருப்பது தெரிந்தது. ராத்திரி இரண்டு மணி வரை ரீல்ஸ், நடுவில் பத்து நிமிஷத்தில் வந்து சேரும் ஐஸ்கிரீம், இருபதாம் தேதிக்குள் சம்பளம் காலி. ஆசைப்பட்டு வாங்கிய கிடார் பீரோ மேல் கிடக்கிறது, விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். எல்லா ஆசையையும் விட்டால்தான் உருப்படுவேனா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பீர்கள், ஐந்தாம் நாள் எல்லாம் சேர்த்து வைத்துத் திரும்பி வரும். இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. ஏடிஹெச்டி இருப்பவர்களுக்குத் தள்ளி வரும் பலன் மங்கலாகவும் கைக்கெட்டும் சுகம் பளிச்சென்றும் தெரியும், அதற்கு மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் விதமும் ஒரு காரணம் என்கிறார்கள். அதனால் ராத்திரி ஒரு மணிக்கு, எதிர்காலத்தை நினைத்துப் பார் என்று யார் சொன்னாலும் உங்களுக்கு அது உறைக்காது. எது பக்கத்தில், எது தூரத்தில் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

போனை சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள், எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும். தூக்கம் குறைந்தால் மறுநாள் கவனம் இன்னும் சிதறும், அதனால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். அப்புறம் பணம். சம்பளம் வந்த அன்றே வங்கியில் மாதாந்திரச் சேமிப்பான ஆர்.டி.க்குத் தானாகப் பிடித்துக்கொள்ளட்டும், யூபிஐயை ஒரு தனிக் கணக்கோடு மட்டும் இணைத்து அதில் வாரத்துக்கு ஒரு தொகை போடுங்கள். அதை ஐஸ்கிரீமுக்கே செலவழித்தாலும் சரி, குற்ற உணர்ச்சி வேண்டாம், அது உங்கள் சந்தோஷத்துக்கென்று ஒதுக்கிய பணம்.

கிடாரை இன்றைக்கே கீழே இறக்குங்கள். உறைக்குள் இருக்கும்வரை அது உங்கள் நினைவுக்கே வராது. சாப்பிட்டுவிட்டு நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள், போனை விட அது கைக்குக் கிட்ட இருக்கட்டும்.

மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மனசு ரொம்பக் கனத்தால் 14416-க்கு அழையுங்கள், அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

இதை உங்கள் மனைவியும் படிக்கட்டும். தங்கச்சி, அவர் போனைப் பிடுங்க வேண்டாம். அவர் பில் கட்ட உட்காரும் அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பீன்ஸ் நறுக்குங்கள். பக்கத்தில் ஒரு ஆள் சும்மா இருந்தாலே இவர்களில் நிறையப் பேருக்கு வேலை ஓடும்.