மாடிக்கு ஏற்ற தக்காளி, மிளகாய் எது?

கேள்வி: மாடியில் தக்காளியும் குடைமிளகாயும் வைத்திருக்கிறேன். கோடையில் குடைமிளகாய்ப் பூ முழுக்க உதிர்ந்துவிட்டது. ரகத்தை மாற்றவா?
– வாசகி, மதுரை

பதில்: ரகத்தில் குறையில்லை, பருவம்தான் தவறு. பகலில் 32 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் குடைமிளகாய் பூவைத் தாங்காது. ஆகஸ்ட் கடைசியில் விதைத்து, 40 நாள் நாற்றை நடுங்கள். மார்கழி, தை குளிரில் காய் திரளும். கோடைக்குச் சம்பா மிளகாயோ குண்டு மிளகாயோ போதும். இவை வெயிலை எவ்வளவோ தாங்கும்.

தக்காளியில் என் தேர்வு பி.கே.எம். 1. பெரியகுளத்தில், அண்ணஞ்சி என்னும் உள்ளூர் வகையிலிருந்து உருவாக்கிய ரகம். பழம் தட்டை உருண்டை. காம்பைச் சுற்றிப் பச்சை படர்ந்திருக்கும். ரசத்துக்கு அருமை! செர்ரி தக்காளி கொடிபோல ஓடும், ஆறடிக் குச்சி கட்டாயம்.

கேள்வி: தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அமுங்குகிறதே, பூச்சியா?
– வாசகர், திருச்சி

பதில்: பூச்சியல்ல, மருந்தும் வேண்டாம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சீராகப் போய்ச் சேராது. தினமும் காலையில் அளவாக ஊற்றி, தொட்டி மண்மேல் இரண்டு அங்குலம் சருகு பரப்புங்கள். கறுத்த காயைக் கிள்ளிவிடுங்கள், அது தேறாது.