இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் எந்த மெத்தை? கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மெத்தைக்கான ஃபோம் தயாரிக்கும் ஆலையில் தரப்பரிசோதனைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். எனக்கே முதுகெலும்புகளுக்கு நடுவிலிருக்கும் வட்டு பிதுங்கிய இடுப்பு உண்டு. மெத்தையைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நோயைப் பற்றிக் கேட்டால் மருத்துவரிடம்தான் அனுப்புவேன்.

கேள்வி: பல வருடமாக இடுப்பு வலி. இருப்பதிலேயே கடினமான மெத்தையாக வாங்கச் சொல்கிறார்கள். சரியா?

கடினம் வேறு, தாங்குதல் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிப் பேர் தப்பான மெத்தையில் படுத்திருக்கிறார்கள்.

ஆலையில் ஃபோமை எப்படிச் சோதிப்போம் தெரியுமா? 323 சதுர செ.மீ. பரப்புள்ள வட்டத் தட்டால் அழுத்துவோம். தடிமனில் 25 சதவீதம் அமுங்க எவ்வளவு விசை தேவை என்று ஒரு கணக்கு, 65 சதவீதம் அமுங்க எவ்வளவு என்று இன்னொரு கணக்கு. முதல் எண், தொட்டதும் தெரியும் மென்மை. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது தாங்குதிறன். சாதாரண ஃபோமில் இது 2-ஐ ஒட்டி இருக்கும். ஹெச்ஆர் (ஹை ரெசிலியன்ஸ், அதாவது நன்றாகத் திருப்பித் தள்ளுவது) எனப்படும் நல்ல ரகத்தில் 2.4-க்கு மேல் போகும். அதாவது மேலே மெத்தென்று இருந்துகொண்டே, உள்ளே போகப் போக எதிர்த்து நிற்கும். வலி இருப்பவருக்கு வேண்டியது அதுதான். தோளும் இடுப்பெலும்பும் கொஞ்சம் புதைய வேண்டும், இடுப்பு தொங்கக் கூடாது.

அதனால்தான் சொல்கிறேன், கையால் அமுக்கிப் பார்த்து மெத்தை வாங்காதீர்கள். கைக்கு அந்த 25 சதவீதம்தான் தெரியும். மிச்சம் நடு இரவில் இடுப்புக்குத்தான் தெரியும்.

நீங்கள் வழக்கமாகத் தூங்கும் நிலையிலேயே கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து இடுப்பின் வளைவுக்கு அடியில் கையை நுழையுங்கள். தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கடினம். நுழையவே இடமில்லை என்றால் ரொம்ப மென்மை. லேசாக உரசிக்கொண்டு போனால் சரி.

கேள்வி: ஒருக்களித்துத்தான் படுப்பேன். காலையில் தோளும் இடுப்பெலும்பும் வலிக்கிறது.

உடலின் எடை முழுவதும் இரண்டே இடத்தில் இறங்குகிறது, வலிக்காமல் என்ன செய்யும்? உங்களுக்கு மேலடுக்கில் 5 செ.மீ. அளவுக்கு மென்மையான லேடெக்ஸோ (ரப்பர் பாலில் செய்யும் ஃபோம்) மெமரி ஃபோமோ (உடல் சூட்டில் இளகி அமுங்கும் ஃபோம்) வேண்டும், அடியில் உறுதியான அடுக்கு. இப்போதிருக்கும் மெத்தை குழி விழாமல் இருந்தால் புதிது வேண்டாம், அதன்மேல் விரிக்கும் மெல்லிய மேல்விரிப்பு மெத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வையுங்கள். தலைக்கு வைக்கும் தலையணை, காதுக்கும் தோள் ஓரத்துக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியை நிரப்ப வேண்டும். பாதிக் கழுத்து வலிக்கு மெத்தைமேல் பழி போட்டுவிட்டுத் தலையணையைத் தப்ப விடுகிறோம்.

கேள்வி: எலும்பு, மூட்டுக்கு நல்லது என்ற பொருளில் 'ஆர்த்தோ' என்று அச்சிட்ட மெத்தை வாங்கலாமா?

அந்தச் சொல்லைப் போட யாரும் மருத்துவச் சான்று காட்ட வேண்டியதில்லை. அடர்த்தி (ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது) எத்தனை, எந்த அடுக்கு எத்தனை செ.மீ. என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கிளம்புங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் விரல்களும் முழங்காலும் ஒரு மணி நேரத்துக்கு மடங்குவதில்லை. மெத்தை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. அந்த விறைப்பு மூட்டு அழற்சியால் வருவது. வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மெத்தையில் செய்யக்கூடியது இவ்வளவுதான்: ரொம்பப் புதையும் மெமரி ஃபோம் வேண்டாம், அதில் புரண்டு படுக்கவே பலம் வேண்டும். லேடெக்ஸ் திருப்பித் தள்ளும், புரள்வது எளிது. ஓரம் உறுதியாக இருக்கட்டும், உட்கார்ந்து எழுபவர் ஓரத்தில்தான் கை ஊன்றுவார். கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரத்தைப் பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். யாரும் கேட்பதில்லை, ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு எது மெத்தை என்பதைவிட இந்த உயரம் பெரிய விஷயம்.

கேள்வி: இத்தனை ஆராய்ச்சி எதற்கு? என் தாத்தா வெறும் தரையில் படுத்தார், தொண்ணூறு வயது வரை முதுகு வலியே இல்லை.

தாத்தாவுக்கு வணக்கம். ஆனால் வலி இல்லாதவர் எதில் படுத்தாலும் தூங்குவார். இங்கே கேட்பவர்கள் வலியோடு இருப்பவர்கள். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேர். பாதிப் பேருக்குக் கடின மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தரக் கடின மெத்தை. யாருக்கு எது என்று அவர்களிடம் சொல்லவில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தால், படுக்கையில் வலி, எழும்போது வலி, அன்றாட வேலையில் சிரமம் மூன்றிலும் நடுத்தர மெத்தைக்காரர்கள்தான் தேவலாம்.

(அவரே மறுபடி): அது மெத்தைக்கும் மெத்தைக்கும் நடந்த போட்டி. தரை அதில் இல்லையே?

சரி, ஒத்துக்கொள்கிறேன். தரையை அவர்கள் சோதிக்கவில்லை. 1 என்றால் மிகக் கடினம், 10 என்றால் மிக மென்மை என்ற அளவுகோலில் அவர்களுடைய கடின மெத்தை 2.3, நடுத்தரம் 5.6. தரை அந்த அளவுகோலுக்கே வெளியே. ஆனால் கடினம் கூடக் கூட முதுகுக்கு நல்லது என்ற பழைய நம்பிக்கை அங்கே அடிவாங்கியது உண்மை.

(இன்னொருவர்): குழி விழுந்த மெத்தையை விட்டுத் தரைக்கு மாறியபின் என் வலி குறைந்தது. அதை எப்படி விளக்குவீர்கள்?

நீங்களே விளக்கிவிட்டீர்கள். குழியிலிருந்து தப்பித்தீர்கள், அவ்வளவுதான். தொட்டில்போல் தொங்கிய இடுப்புக்குத் தரை சொர்க்கமாகத்தான் தெரியும். மல்லாந்து படுப்பவர், முழங்கால் நன்றாக இருப்பவர், தரை ஒத்துப்போகிறது என்றால் படுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒருக்களித்துப் படுப்பவரையும், தரையிலிருந்து எழ இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியவரையும் தாத்தா கதை சொல்லித் தரைக்கு இறக்காதீர்கள்.

கேள்வி: ஆர்த்தோ மெத்தை நல்லதா?

மேலே சொன்னேன். அடர்த்தி கேளுங்கள்.

கேள்வி: மெமரி ஃபோம், லேடெக்ஸ், ஸ்பிரிங், எது?

மெமரி ஃபோம் 1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்குவதற்கு உருவாக்கியது. அதை வைத்து எத்தனை விளம்பரம்! விண்வெளிக்குப் போனவருக்கும் உங்கள் இடுப்புக்கும் சம்பந்தம் இல்லை. அழுத்தத்தைப் பரப்புவதில் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெப்பத்தில் இளகும், குளிரில் விறைக்கும், சூட்டைப் பிடித்து வைக்கும். அடர்த்தி கன மீட்டருக்கு 50 கிலோவாவது இருக்கட்டும். லேடெக்ஸ் கனம், தூக்கிப் போட ஆள் வேண்டும், ஆனால் நீண்ட நாள் உழைக்கும். ஸ்பிரிங்கில் பாக்கெட் ஸ்பிரிங் மட்டும் பாருங்கள். சுருள்கள் தனித்தனி உறையில் இருப்பதால் ஒன்று அமுங்கினால் பக்கத்திலிருப்பது அவ்வளவாக இறங்காது. துணையின் எடை அதிகம் என்றாலும் அவர் பக்கம் நீங்கள் உருள மாட்டீர்கள்.

கேள்வி: 30 செ.மீ. தடிமன் என்றால் நல்லதுதானே?

உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அத்தனையும் மட்டமான ஃபோம் என்றால் பெரிய குழி விழும்.

கேள்வி: குழி விழுந்ததா என்று எப்படித் தெரியும்?

விரிப்பை எடுத்துவிட்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் அளவுகோல் வையுங்கள். உத்தரவாத அட்டையில் எத்தனை செ.மீ. குழிக்கு மாற்றித் தருவார்கள் என்று போட்டிருக்கும். முதலில் கட்டிலைப் பாருங்கள். பலகைக்கும் பலகைக்கும் கை நுழையும் இடைவெளி இருந்தால் நல்ல மெத்தையும் தொங்கும். எனக்கு ஒரு நிறுவனம் மூன்றே வருடத்தில் குழி விழுந்த மெத்தையை 'உடல் பதிவு, இயல்பானது' என்று தட்டிக்கழித்தது. நூல் கட்டிப் படம் எடுத்து அனுப்பியபிறகுதான் மாற்றினார்கள்.

கேள்வி: புது மெத்தை வாங்கி நான்கு நாள், வலி கூடிவிட்டது. திருப்பித் தரலாமா?

மூன்று வாரமாவது கொடுங்கள். இன்னொன்று: எழுந்ததும் குனிகிறீர்களா? இரவில் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அதனால்தான் காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருக்கிறோம். அந்த நேரத்தில் குனிந்தால் வட்டுக்குச் சுமை அதிகம். 1998-இல் வந்த ஓர் ஆய்வில், விடிந்ததும் குனிவதைத் தவிர்க்கப் பழகியவர்களுக்கு நாள்பட்ட வலி குறைந்தது.

கேள்வி: காலெல்லாம் மரத்துப்போகிறது, சிறுநீர் கட்டுப்பாடும் குறைகிறது. என்ன அடர்த்தி வாங்கலாம்?

மெத்தையை விடுங்கள். இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள், நாளை காலை வரை தள்ள வேண்டாம். நரம்பு நசுங்கும் அவசர நிலையாக இருக்கலாம்.

கேள்வி: அடர்த்தி சரி, கையால் அமுக்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஆர்த்தோ என்றும் போட்டிருக்கிறது...

படுத்துப் பார்த்தீர்களா?

(தாத்தா கதை சொன்ன அந்த அன்பர்): தாத்தா எதையும் அமுக்கிப் பார்க்கவில்லை.

அவருக்கு முழங்கால் நன்றாக இருந்ததா என்று முதலில் சொல்லுங்கள்.