ஆடிக் காற்றும் பச்சைக் கடலும்: வாசகர் கேள்விகள்

ஆனி, ஆடியில் எங்கள் கடல் பச்சையாகிவிடுகிறது, இறங்கினால் வெடவெடக்கிறது. வெயில் கொளுத்தும் சித்திரையில் அப்படி இல்லையே? (உவரி)

கடலைப் பச்சையாக்குவது பாசி. அதற்கு வெயிலும் வேண்டும், உரமும் வேண்டும். வெயிலுக்கு நம் கடலில் எப்போதும் குறைவில்லை. தட்டுப்பாடு உரத்துக்குத்தான். நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் ஆழத்து இருட்டில் கிடக்கின்றன. சித்திரையில் மேல்நீர் சூடேறி லேசாகி மிதப்பதால் அடிநீர் மேலே வர வழியில்லை. ஜூனில் தென்மேற்குக் காற்று பிடித்ததும் கதை மாறுகிறது. கன்னியாகுமரி தொடங்கி உங்கள் பக்கம் வரை அது கரையை ஒட்டியே அடிக்கிறது. பூமி சுழல்வதால், காற்று தள்ளும் நீர் அதற்கு வலப்பக்கம், அதாவது கடலை நோக்கி விலகும். அந்த இடத்துக்குக் குளிர்ந்த அடிநீர் உரத்தோடு ஏறி வருகிறது, வெடவெடப்பு அதனால்தான். சில நாளில் டயட்டம் என்ற ஒற்றைச்செல் பாசி பெருகும். ஒரு வாளித் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள், பழுப்பாக வழவழவென்று ஒட்டும். சாளை (மத்தி) மீனுக்கு அதுதான் சாப்பாடு.

பங்குனியில் மரத்தூள் கொட்டியதுபோல் கடல்மேல் பட்டை பட்டையாக மிதக்கிறதே? (கூட்டப்புளி)

பெரும்பாலும் டிரைக்கோடெஸ்மியம். காற்றிலிருந்து கரையும் நைட்ரஜனையே உரமாக்கிக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசி. அதனால் அடிநீரை எதிர்பார்ப்பதில்லை. கடல் சூடாக, அலையடங்கிக் கிடந்தால் அதற்குக் கொண்டாட்டம். அழுகினால் நாறும்.

இரவில் அலை நீலமாக மின்னினால் மீன் வாங்கலாமா? (திசையன்விளை)

மின்னுவது பெரும்பாலும் நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிரி. அளவுக்கு மீறிப் பெருகினால் அம்மோனியா கூடி, ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும். 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் நடந்தது. வலையில் உயிரோடு வந்த மீன் சரி. செத்துக் கரை ஒதுங்கியது வேண்டாம், இனாமாகக் கொடுத்தாலும்.

ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி வெள்ளம் கடலுக்கு நல்லதா? (பாளையங்கோட்டை)

உடனே இல்லை. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் முகத்துவாரத்தில் நீர் செம்மண் கலங்கலாக இருக்கும்வரை வெளிச்சம் உள்ளே இறங்காது. வண்டல் படிந்ததும் ஆற்றோடு வந்த சிலிக்கா டயட்டத்தின் கண்ணாடி ஓட்டுக்குப் பயன்படும். ஆற்று நீரின் செல்வாக்கு முகத்துவாரத்தை ஒட்டித்தான். வெகுதூரம் போனால் கடல் தெளிந்த நீலம்; மேலே உரம் கிடையாது, பாசி ஐம்பது, நூறு மீட்டர் ஆழத்தில் போய் அடுக்காக நிற்கும்.

மீன்வள வரைபடம் ஆடியில் மட்டும் அடிக்கடி வெறுமையாக வருகிறதே? (இடிந்தகரை)

மீன் கூடும் இடத்தைக் காட்டும் அந்த வரைபடத்தை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ், கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் செயற்கைக்கோளில் பார்த்துத் தயாரிக்கிறது. மேகம் மூடினால் நிறம் தெரியாது. பாசி கொழுக்கும் மாதத்திலேதான் மேகமும் கூடுகிறது, என்ன செய்ய! அந்த நாட்களில் தண்ணீரின் நிறத்தையும் குளிர்ச்சியையும் பார்த்து வலை விடும் உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் பார்ப்பதும் அதே இரண்டைத்தான்.