கடலைக் கொல்லையில் ஆளி விதைக்கலாமா?

கேள்வி: குப்பம் பக்கத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிச் செம்மண் நிலம் இருக்கிறது. ஆடியில் வேர்க்கடலை போட்டு, ஊடே துவரை விடுகிறேன். வீட்டோடு மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கிறேன். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் ‘ஒமேகா 3 இருக்கிறதா?’ என்று கேட்கிறார்கள். ஆளி விதையில் அது அதிகம் என்கிறார்களே, ஓர் ஏக்கரை ஆளிக்கு மாற்றி, அதையும் செக்கில் ஆட்டலாமா? விதைக் கடையில் அதை ‘அவிசெ’ என்றார்கள். வெற்றிலைத் தோட்டத்து அவிசெ மரமும் அதுவும் ஒன்றா? என் கடலை எண்ணெயில் ஒமேகா 3 உண்டு என்று லேபிளில் அச்சடிக்கலாமா?

பதில்: அவிசெயை முதலில் தீர்த்துவிடுவோம் ஐயா. தெலுங்கில் அகத்திக்கும் அவிசெ என்றுதான் பெயர். ஆளி விதைக்கும் அவிசெ கிஞ்சலு. வெற்றிலைக் கொடி ஏறுவதற்கு நட்டிருப்பது அகத்தி. அதன் விதை நீளமான காய்க்குள் பயறு போல இருக்கும். ஆளி விதை எள்ளைவிடச் சற்றுப் பெரியது. தட்டையாக, பழுப்பாக, மெருகு போட்டது போலப் பளபளக்கும். சந்தேகம் வந்தால் நாலு விதையைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கொழகொழவென்று பசை கட்டினால் அது ஆளி. இந்தச் சோதனையைச் செய்யாமல் மூட்டை வாங்க வேண்டாம்.

லேபிள் விஷயத்தில் என் பதில் ஒரே சொல்: கூடாது. கொழுப்பு அமிலம் என்பது கரி அணுக்கள் கோத்த சங்கிலி. அதன் வால் முனையிலிருந்து எண்ணி வரும்போது முதல் இரட்டைப் பிணைப்பு மூன்றாவது கரியில் இருந்தால் ஒமேகா 3. ஆறாவதில் இருந்தால் ஒமேகா 6. ஒன்பதாவதில் இருந்தால் ஒமேகா 9. வழக்கமான கடலை எண்ணெயில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஒமேகா 9 இருக்கும், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஒமேகா 6 இருக்கும். ஒமேகா 3 இல்லை என்றே சொல்லிவிடலாம். நல்லெண்ணெயில் 9, 6 இரண்டும் ஏறக்குறைய சமம். சூரியகாந்தியில் பெரும்பங்கு 6. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு இரட்டைப் பிணைப்பே இல்லாத உறைகொழுப்பு. கடுகு எண்ணெயில் ஒமேகா 3 பத்து விழுக்காடு அளவுக்கு உண்டு. ஆளி எண்ணெயில்தான் அது பாதிக்கும் மேல்.

உங்கள் மூன்று மாநில எல்லையில் இன்னொரு வித்தும் உண்டு. தமிழில் பேயெள்ளு, கன்னடத்தில் ஹுச்செள்ளு, தெலுங்கில் வெர்ரி நுவ்வுலு. மூன்று மொழிக்காரர்களும் கூடிப் பேசாமலே அதற்குப் பைத்தியப் பட்டம் கட்டியிருக்கிறார்கள்! அதையும் ஒமேகா 3 என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அதில் மிகுதியாக இருப்பது 6.

இனி ஆளிப் பயிர். வேலூர் சமவெளியிலிருந்து இந்தக் கேள்வி வந்திருந்தால் வேண்டாம் என்று முடித்திருப்பேன். குப்பம் மேட்டு நிலம், மார்கழியிலும் தையிலும் இரவுக் குளிர் உண்டு என்பதால் கொஞ்சம் பேசலாம். ஆளி குளிர்காலப் பயிர். ஐப்பசியில் விதைக்க வேண்டும். ஆகவே ஆடிக் கடலையை விட்டுவிட்டு அதற்கு மாற்றாகப் போடுகிற பயிர் அல்ல அது. கடலை பிடுங்கிய பிறகு வருவது. சிக்கல் ஈரத்தில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்தின் விதர்பாவிலும் கரிசல் மண் மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; அந்த ஈரத்திலேயே பயிர் முடிந்துவிடுகிறது. சத்தீஸ்கரில் நெல் அறுப்பதற்கு முன்பே வயலில் ஆளியைத் தூவிவிடுகிற வழக்கமும் உண்டு. உங்கள் செம்மண் கார்த்திகை மழை நின்ற சில நாளிலேயே காய்ந்துவிடும். பூக்கும் சமயத்தில் ஒரு தண்ணீராவது கொடுக்கக் கிணறு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. துவரையும் அப்போது நிலத்தில் நின்றுகொண்டிருக்கும். அதைப் பிடுங்கிவிட்டா ஆளி போடப்போகிறீர்கள்? அந்த வடக்குக் கரிசலிலேயே மானாவாரியில் ஏக்கருக்கு 200 முதல் 300 கிலோதான் கிடைக்கிறது. வடக்கிலிருந்து வருகிற விதையோடு அந்த விளைச்சலை வைத்து விலையில் போட்டி போட முடியாது.

ஆசையாக இருந்தால், துவரை இல்லாத மூலையில் ஐந்து சென்ட் ஒதுக்குங்கள். அரை கிலோவுக்குச் சற்று மேல் விதை போதும். ஒரு சாண் இடைவெளியில் வரிசை பிடித்து, ஓர் அங்குலத்துக்குமேல் ஆழம் போகாமல் விதையுங்கள். நான்கு மாதத்தில் அறுவடை. நீலப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் இதழ் உதிர்ந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும்.

செக்கில் ஆட்டுவதை நான் உறுதியாகத் தடுப்பேன். ஆளியில் உள்ள ஒமேகா 3 அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு மூன்று இருக்கிறது. பிணைப்பு கூடக்கூடக் காற்று அதை எளிதில் பிடித்துக்கொள்ளும். தச்சர்கள் மரத்துக்குப் பூசுகிற லின்சீட் ஆயில் ஆளி எண்ணெயேதான். காற்றுப் பட்டுப் படலமாக இறுகுவதால்தான் அது பெயின்டுக்கும் வார்னிஷுக்கும் போகிறது. உங்கள் செக்கின் உரலிலும் உலக்கையிலும் ஊறிய ஆளி எண்ணெய் அங்கேயே பிசினாகி, அடுத்து ஆட்டும் கடலை எண்ணெயையும் காறவைக்கும். ஒருமுறை நானே அரை லிட்டர் வாங்கி அடுக்களை அலமாரியில் வைத்து மறந்துவிட்டேன். திறந்தபோது புதிதாகச் சாயம் அடித்த கதவின் வாடை. இருண்ட புட்டி, குளிர்ப்பெட்டி, சில வாரத்துக்குள் விற்றுத் தீர்க்கிற ஏற்பாடு இவை இல்லாதவர் தொடக்கூடாத சரக்கு அது. வாணலியில் காய்ச்சவும் உதவாது.

எண்ணெயாக வேண்டாம் என்றேனே தவிர, விதையை வேண்டாம் என்று சொல்லவில்லை. லேசாக வறுத்து, மிளகாய், பூண்டு, உப்பு சேர்த்து இடித்தால் தெலுங்கு வீடுகளில் சோற்றுக்குப் பிசையும் அவிசெப் பொடி ஆகிவிடும். முழு விதையாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறும், அரைப்பது அவசியம். ஒரு மேசைக்கரண்டிப் பொடியில், சுமார் 7 கிராமில், ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகமாக ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், அதாவது ஆளியின் ஒமேகா 3, கிடைக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு அவ்வளவு போதும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இடித்து, தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். இது மீனுக்கு ஈடாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். மத்தியிலும் அயிலையிலும் இருக்கிற நீண்ட சங்கிலி ஒமேகா 3 ஆக நம் உடல் மாற்றிக்கொள்வது சிறு பங்குதான்.

காசு தரும் மாற்றம் உங்கள் கடலையிலேயே இருக்கிறது. கிர்நார் 4, கிர்நார் 5 என்று இரண்டு ரகங்கள், ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி நிறுவனமும் ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்தவை. இவற்றின் எண்ணெயில் ஒமேகா 9 ஆன ஒலீயிக் அமிலம் 80 விழுக்காட்டை ஒட்டி வரும். ஒமேகா 6 குறைந்துவிடுவதால் எண்ணெய் சீக்கிரம் காறாது. செக்கு வைத்திருப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விதை கிடைத்தால் கால் ஏக்கரில் போட்டு, உங்கள் வழக்கமான ரகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பருப்பைத் தனியாக ஆட்டி, ஆய்வகத்தில் சோதித்து, வந்த விழுக்காட்டை லேபிளில் போடலாம். அதிலும் ஒமேகா 3 என்று எழுத முடியாது.

பெங்களூர்க்காரர்கள் கேட்காததும் நான் கேட்பதுமான ஒன்று பூஞ்சணம். காய் முற்றும் நேரத்தில் வறட்சி வந்தாலோ, பிடுங்கிய காய் சரியாகக் காயாவிட்டாலோ பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். சுத்திகரிப்பு ஆலையில் காரம் சேர்த்துக் கழிக்கும்போது அது போய்விடுகிறது. செக்கு எண்ணெயில் அந்தப் படி கிடையாது, நஞ்சு அப்படியே தங்கும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலக்கும்வரை காயவையுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டே செக்கில் போடுங்கள். பொறுக்கியதை மாட்டுக்கும் வைக்கக்கூடாது, பாலில் வரும்.

கடைசியாக ஒரு வேடிக்கை. கடலைக்கு முதல் களை எடுக்கும்போது தரையோடு படர்ந்த, சிவந்த தண்டும் தடித்த சிறிய இலையுமாக ஒரு செடியைப் பிடுங்கி வரப்பில் எறிவீர்கள் அல்லவா? அது பருப்புக்கீரை; தெலுங்கில் கங்கவல்லி கூர. ஒமேகா 3 மிகுந்த கீரை அது. 100 கிராம் பச்சைக் கீரையில் 300 முதல் 400 மில்லிகிராம் வரை உண்டு. களைக்கொல்லி அடிக்காத கொல்லையாக இருந்தால் கூடையோடு போய்ப் பொறுக்கி வந்து பருப்போடு கடையுங்கள். ஆக்சலேட் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்க்கட்டும். ஒத்த தோற்றமுள்ள அம்மான் பச்சரிசி வகைக் களைகளும் அங்கேயே முளைக்கும். தண்டை ஒடித்துப் பாருங்கள், பால் வந்தால் அது கீரையில்லை.