மருந்து அடித்தும் கரப்பான் போகவில்லையே? அடுக்குமாடிவாசிகளின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மாதந்தோறும் ஆள் வந்து மருந்து அடித்துவிட்டுப் போகிறார். ஆயினும் சமையலறையில் சின்னக் கரப்பான்கள் குறைந்தபாடில்லை. மருந்தில் தண்ணீர் கலந்து ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று நடப்பதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் முதலில் சந்தேகிப்பது மருந்தை அல்ல, அது போய்ச் சேர்ந்த இடத்தை. நீங்கள் பார்ப்பது வெளிர்பழுப்பு நிறத்தில், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளுடன் இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். சாக்கடையிலிருந்து ஏறிவரும் பெரிய செங்கரப்பானைப் போல அது வந்துபோவதில்லை; வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள இடுக்கில், வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. அதன் பெண்பூச்சி முப்பது, நாற்பது முட்டைகள் அடங்கிய கூட்டைக் குஞ்சு பொரியும் தறுவாய் வரை வயிற்று நுனியிலேயே சுமந்து திரியும். அந்தக் கூட்டுக்குள் மருந்து எளிதில் இறங்காது. ஆகவே இன்று தாய்ப்பூச்சி செத்தாலும், பொரியும் நிலையில் இருந்த கூட்டிலிருந்து குஞ்சுகள் வெளிவரக்கூடும். அவை வெப்பமான சூழலில் இரண்டு மாதங்களுக்குள் வளர்ந்துவிடும். தொல்லை மிகுந்த வீட்டுக்கு முதல் வருகையை அடுத்து இரண்டு, மூன்று வாரங்களில் மறுவருகை தேவைப்படுவது இதனால்தான்.

அலமாரிக் கதவைத் திறந்து, கீல் பதிந்திருக்கும் மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பொடித்த மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை கரப்பானின் எச்சம். மருந்து சேர வேண்டிய இடம் அதுதான். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் சுவருக்குள் நுழையும் துளை, குளிர்பதனப் பெட்டியின் மோட்டார்ப் பகுதி, அடுப்பு மேடையின் விரிசல் ஆகியவையும் அவ்வாறே. சுவரோரத் தரையில் நடந்தபடி பம்பு அடித்துச் செல்வது பார்ப்பவருக்கு வேலை நடந்ததுபோல் தோன்றும். இந்தக் கரப்பானோ அந்தப் பக்கம் பெரும்பாலும் போவதே இல்லை. இடுக்குகளில் சிறுசிறு புள்ளிகளாக வைக்கப்படும் ஜெல் தீனியே இதற்கு ஏற்றது. அதைத் தின்ற பூச்சி உடனே சாவதில்லை. இருப்பிடத்துக்குத் திரும்பி எச்சமிட, அந்த எச்சத்தைத் தின்னும் குஞ்சுகளும் மடிகின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜெல் வைத்த இடத்தின்மேல் கடையில் வாங்கிய ஸ்ப்ரேயை அடித்தால் அந்த வாடைக்கே பூச்சி தீனியை அண்டாது. ஒரே தீனியை ஆண்டுக்கணக்கில் வைப்பதும் வேண்டாம். குளுக்கோஸ் கலந்த தீனியை ஒதுக்கும் ஜெர்மன் கரப்பான்கள் உண்டு என்பது 1993-லேயே பதிவாகியிருக்கிறது.

கேள்வி: மருந்து அடித்த மறுநாள் முன்னைவிட அதிகமாகக் கரப்பான்கள் வெளியே வருகின்றன. இது சரிதானா?

பதில்: சரிதான். ஸ்ப்ரே மருந்துகள் பல, பூச்சியின் நரம்பைத் தாக்கி மறைவிடத்திலிருந்து துரத்துபவை. பகலிலும் தடுமாறியபடி அவை வெளிவருவது சில நாள்களுக்கு இருக்கும். இரண்டு வாரங்களுக்குப் பிறகும் சுறுசுறுப்பாக ஓடினால் மறுவருகை கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பூச்சியே கிடையாது. இருந்தும் ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்கச் சொல்லிச் சங்கத்தினர் வற்புறுத்துகிறார்கள். மறுக்க எனக்கு உரிமை இல்லையா?

பதில்: உரிமையைப் பற்றி உங்கள் சங்க விதிகளும் வாடகை ஒப்பந்தமும் சொல்லட்டும், பூச்சியின் நடைமுறையை நான் சொல்கிறேன். நமக்குத்தான் அடுக்குமாடி என்பது பல வீடுகள். குழாய் டக்ட், மின்கம்பிப் பாதை, பொதுச்சுவரின் துளை ஆகியவற்றில் நடமாடும் கரப்பானுக்கு அது ஒரே வீடு. நான் பார்க்கச் சென்ற ஒரு கட்டடத்தில் நான்காம் மாடியிலிருந்து மட்டும் ஓயாமல் புகார் வந்துகொண்டிருந்தது. எட்டு மாதங்களாக அந்த வீட்டுக்கே திரும்பத் திரும்ப மருந்து வைத்தார்கள். கடைசியில் அதற்கு நேர் கீழே, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தபோது, அணைத்துவிட்டுக் கதவை இறுகச் சாத்தியிருந்த குளிர்பதனப் பெட்டியின் ரப்பர் விளிம்பு முழுக்கக் கரப்பான் குஞ்சுகள். அந்த வீட்டுக்காரரும் தம் வீட்டில் பூச்சி இல்லை என்றே நம்பியிருந்தார்.

ஆயினும் திறந்த வீட்டில் எல்லாம் மருந்து அடித்தாக வேண்டும் என்பதில்லை. தொட்டிக்கு அடியிலும் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னாலும் ஒட்டும் அட்டை வைத்து, அடுத்த வருகையில் அதில் சிக்கியவற்றை எண்ணிப் பார்த்தால் போதும். அட்டை காலியாக இருக்கும் வீட்டில் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுமாறு கேட்பது முற்றிலும் நியாயமானது.

கேள்வி: தவழும் குழந்தையும், பூனையும், மீன்தொட்டியும் உள்ள வீடு எங்களுடையது. என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: எந்த மருந்து, எந்த இடத்தில் என்பதை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கைக்கெட்டாத இடுக்கில் வைக்கும் ஜெல்லுக்கு வீட்டைவிட்டு வெளியேறத் தேவையில்லை. தெளிப்பு மருந்தாயின், ஈரம் முழுவதும் காய்ந்து, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படும் வரை குழந்தையும் பூனையும் வெளியே இருக்கட்டும். லேபிள் அதைவிட நீண்ட நேரம் சொன்னால் லேபிளின்படியே நடக்க வேண்டும். தெளிப்பு மருந்துகளில் பரவலாகக் காணப்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. ஆகையால் தொட்டியை ஈரத்துணியாலோ பிளாஸ்டிக் உறையாலோ மூடி, காற்றுப் பம்பை அந்த நேரத்துக்கு நிறுத்திவிடுங்கள். இல்லையெனில் அறையின் காற்றை அதுவே இழுத்துத் தண்ணீருக்குள் விடும். அவ்வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் பூனைகளுக்கும் ஆகாது. உங்கள் வீட்டில் பூனை உண்டு என்பதை ஊழியரிடம் நேரிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பொய்க்கூரைக்கு மேல் எலி ஓடுகிறது. விஷம் வைத்தால் தண்ணீர் தேடி வெளியே போய்ச் செத்துவிடும் என்கிறார்களே?

பதில்: இது பரவலான நம்பிக்கை, ஆனால் தவறானது. புரோமாடியோலோன் போன்ற மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. எலி சில நாள்கள் கழித்து, தளர்ந்துபோய், பெரும்பாலும் தன் மறைவிடத்திலேயே சாகும். அது உங்கள் கூரைக்குள் என்றால் நாற்றத்தை நீங்கள்தான் தாங்க வேண்டும். எனவே வீட்டுக்குள் பொறியும், கட்டடத்துக்கு வெளியே பூட்டிய தீனிப்பெட்டியும் என்பதே என் பரிந்துரை. எலி புதுப் பொருளைக் கண்டு அஞ்சும் பிராணி. பொறியைச் சில இரவுகள் விசை ஏற்றாமல் தீனியோடு வைத்துப் பழக்கிய பிறகு ஏற்றினால் பலன் கூடும். பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழைந்துவிடும் என்பதால், குழாய்த்துளைகளை இரும்பு நார் திணித்துச் சிமெண்டால் பூச வேண்டும். அது கொத்தனார் வேலை, எங்கள் வேலையல்ல என்று சேவை நிறுவனம் சொன்னால், துளைகளின் பட்டியலையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். எலி மருந்தைச் செல்லப்பிராணி தின்றுவிட்டால், மாற்று மருந்தாக வைட்டமின் கே1 உண்டு. அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் மருந்தின் பெயரோடு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கேள்வி: கொசுவுக்கு வாரந்தோறும் புகை அடிக்கச் சொல்லலாமா?

பதில்: புகை, அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. வெப்பமான பருவத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் போதும். அந்தச் செலவில் லிஃப்ட் குழி, தண்ணீர் மீட்டர்க் குழி, பூந்தொட்டித் தட்டு, அடித்தளச் சேகரிப்புத் தொட்டி ஆகியவற்றை வாரம் ஒருமுறை பார்வையிடச் செய்யுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீரின்றி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொட்டிக் கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி வந்துவிட்டது. வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நாங்களாகவே மெத்தையைத் தூக்கி எறிந்துவிடலாமா?

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை. மூட்டைப்பூச்சிக்கு அழுக்கு தேவையில்லை, மனித இரத்தம் போதும். பயணப்பெட்டியிலும் பழைய கட்டிலிலும் ஏறி எந்த வீட்டுக்கும் வரும். மெத்தையை உறையிடாமல் தாழ்வாரம் வழியே இழுத்துச் சென்றால் வழிநெடுகப் பூச்சியை விதைத்தவராவீர்கள். இரவில் வேறு அறைக்குப் போய்ப் படுத்தாலும் அவை உங்களைத் தேடி அங்கே வரும். இரு பக்கத்து வீடுகள், மேல்வீடு, கீழ்வீடு ஆகிய நான்கையும் சோதிக்க வேண்டியிருப்பதால், சங்கத்திடம் சொல்வதைத் தவிர்க்க இயலாது. முட்டை பெரும்பாலான மருந்துகளுக்குத் தப்பி ஒன்று, இரண்டு வாரங்களில் பொரிந்துவிடும். எனவே முதல் வருகைக்குப் பின் சுமார் இரண்டு வாரத்தில் மறுவருகை கட்டாயம். துணிகளைப் பையில் கட்டி எடுத்துப்போய், உலர்த்தும் எந்திரத்தில் உயர் வெப்பத்தில் அரை மணி நேரம் சுழற்றினால் முட்டையும் சாகும்.

கேள்வி: எறும்புக்கு ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். சில இனங்களில் ஸ்ப்ரே பட்டால் புற்று பல கிளைகளாகப் பிரிந்து தொல்லை பெருகும். தீனியை வைத்துவிட்டு, வரிசை அதைச் சுமந்து செல்லும்வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: வந்துபோனதற்குக் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். நாங்கள் என்ன கேட்டுப் பெற வேண்டும்?

பதில்: மருந்தின் பெயரும் அதில் பூச்சியைக் கொல்லும் செயல்மூலப்பொருளும், கலந்த விகிதம், வைத்த இடங்கள், ஒட்டும் அட்டைகளில் எண்ணிய பூச்சிகள், அடைக்க வேண்டிய துளைகள் ஆகியவை எழுதப்பட்ட அறிக்கையைக் கேளுங்கள். அன்று பூட்டியிருந்த வீடுகளின் எண்களும் அதில் இருக்க வேண்டும். அடுத்த வருகையை அந்த வீடுகளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.